ஐஸ் அண்ட் ஃபயரா, வீல் ஆஃப் டைமா? அடுத்த நெடுந்தொடருக்கு எதை எடுப்பது

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வந்து விழும். ஒன்று, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்'. இன்னொன்று, ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்'. நான் முதலில் மார்ட்டினைப் படித்தேன், அப்புறம் ஜோர்டனுக்குப் போனேன். இன்று யாராவது கேட்டால் தயங்காமல் வீல் ஆஃப் டைம் என்றுதான் சொல்வேன். காரணத்தைக் கதை முடிச்சுகளை அவிழ்க்காமல் விளக்க முடியாது. அதனால் ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மார்ட்டினின் உலகில் அரசியல் முன்னால் நிற்கும், மாயம் பின்னால் இருக்கும். ஜோர்டனின் உலகில் மாயத்துக்கு விதிகள் உண்டு. ஆண்கள் பயன்படுத்தும் பாதி நஞ்சேறிப்போனதால், அதைத் தொடும் ஆண்கள் எல்லோரும் கடைசியில் பைத்தியம் பிடித்து அழிகிறார்கள். உலகைக் காப்பாற்ற வேண்டியவனும் அப்படி ஒரு ஆண்தான். அங்கே வன்முறையும் பாலுறவும் வெளிப்படை, இங்கே அடக்கி வாசிப்பு. அளவைப் பார்த்தால், மார்ட்டினின் ஐந்து புத்தகங்கள் சுமார் 17 லட்சம் சொற்கள். ஜோர்டனின் பதினான்கும் சேர்ந்து சுமார் 43 லட்சம்.

எழுத்து என்று வந்தால் மார்ட்டின்தான் மேலே. வாக்கியத்துக்கு வாக்கியம், உரையாடலுக்கு உரையாடல் அவர் கை பெரிய கை. அவருடைய பாத்திரமான டிரியன் வாயைத் திறந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஜோர்டனின் பெண் பாத்திரங்கள் கோபம் வந்தால் பின்னலை இழுப்பார்கள், பாவாடையை நீவிக்கொள்வார்கள். நைனீவ் பின்னலைப் பிடிப்பதை நூறாவது முறை படிக்கும்போது எனக்கும் அலுப்பு தட்டியது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் ஜோர்டன் பக்கம் நிற்கிறேன்.

ஏனென்றால் தராசு சாய்வது வேறு ஒரு இடத்தில். ஒன்று முடிந்த கதை, மற்றொன்று முடியாத கதை.

மார்ட்டினின் முதல் புத்தகம் 1996இல் வந்தது. ஐந்தாவதான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' 2011இல் வந்தது. திட்டமிட்ட ஏழில் இன்னும் இரண்டு பாக்கி. "வரும்போது வரட்டும், காத்திருக்கலாமே" என்று பலர் சொல்கிறார்கள். காத்திருப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஒரு எழுத்தாளரை யாரும் விரட்ட முடியாது. என் கவலை வேறு. காவியக் கதையில் முதல் அத்தியாயத்தில் போட்ட விதை கடைசிப் புத்தகத்தில்தான் முளைக்கும். முடிவு இல்லாவிட்டால் அந்த விதை என்ன செடி என்றே தெரியாது. ஒரு பாத்திரம் மனம் திருந்தியதா, திருந்துவது போலப் போக்குக் காட்டியதா என்பது முடிவைப் பார்க்காமல் நமக்கு விளங்காது.

ஜேமி லானிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகத்தில் ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். மூன்றாவது புத்தகத்தில்தான் அவன் பார்வையில் அத்தியாயங்கள் தொடங்குகின்றன. வாள் பிடிக்கும் கை போகிறது. ஹாரன்ஹால் குளியலறையில், வெந்நீரில் அரை மயக்கத்தில் கிடந்தபடி, தன் மன்னனை ஏன் கொன்றான் என்று பிரையன் என்ற பெண் வீரரிடம் சொல்கிறான். அந்த மன்னன் ஒரு நகரத்தையே கொளுத்தத் தயாராக இருந்தான் என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. இவ்வளவு நாள் வெறுத்தவனை வேறு கண்ணால் பார்க்க வைத்துவிடுகிறார் மார்ட்டின். நான்காவது புத்தகத்தின் இறுதியில் அவனுடைய இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சியிடமிருந்து உதவி கேட்டுக் கடிதம் வருகிறது. ஜேமி அதை நெருப்பில் போடச் சொல்கிறான். ஐந்தாவது புத்தகத்தில் அவனுக்கு ஒரே ஒரு அத்தியாயம். பிரையன் வந்து கூப்பிடுகிறாள், அவள் பின்னால் போகிறான். அவ்வளவுதான், அங்கேயே நிற்கிறது.

அந்தக் கடிதம் எரிந்ததற்கு என்ன பொருள்? புத்தகத்தில் பதில் இல்லை. தொலைக்காட்சித் தொடர் 2019இல் ஒரு பதில் சொன்னது. ஜேமி செர்சியிடமே திரும்பிப் போய் அவளோடு இடிபாடுகளில் சாகிறான். மார்ட்டின் மனதில் இருப்பதும் அதுதானா, வேறா என்று ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இந்த ஐந்து புத்தகங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஜேமிதான். அவன் யார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது உண்மையாகவே வலிக்கிறது.

இப்போது ஜோர்டன். 1990இல் வந்த முதல் புத்தகத்தின் முன்னுரைக் காட்சி இப்படித் தொடங்குகிறது: சிதைந்த அரண்மனைக்குள் லூஸ் தெரின் என்ற மாவீரன் தன் மனைவி இலியேனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி திரிகிறான். அவள் அங்கேயே செத்துக் கிடக்கிறாள். அவளையும் பிள்ளைகளையும் கொன்றவன் அவனே. பைத்தியத்தில் அது அவனுக்குத் தெரியாது. எதிரி ஒருவன் வந்து, வேண்டுமென்றே அவன் புத்தியைத் தெளிய வைக்கிறான். தெளிந்ததும் பார்க்கிறான், கதறுகிறான், அங்கிருந்து மறைந்து வெகு தொலைவில் போய்த் தன் சக்தியால் தன்னையே அழித்துக்கொள்கிறான். அந்த இடத்தில் ஒரு மலை எழும்புகிறது. அதுதான் டிராகன்மவுண்ட்.

முதல் வாசிப்பில் அது ஒரு பழங்கதை, அவ்வளவுதான். அதே மலைச் சரிவில், பனியில் பிறந்தவன்தான் கதாநாயகன் ராண்ட் என்று பிறகு தெரியவரும். லூஸ் தெரினின் மறுபிறவி அவன். புத்தகம் போகப் போக அந்தப் பழைய மனிதனின் குரல் ராண்டின் தலைக்குள் பேச ஆரம்பிக்கும். அது பைத்தியமா, பூர்வ நினைவா என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மனம் கல்லாகிக்கொண்டே போகிறது. பன்னிரண்டாவது புத்தகத்தில், தன்னை வளர்த்த தந்தையையே கொல்லும் நிலைக்குப் போய், கடைசி நொடியில் ஓடுகிறான். ஓடிப் போய்ச் சேரும் இடம் அதே டிராகன்மவுண்ட் உச்சி. இவ்வளவு துயரத்துக்குப் பிறகும் மனிதர்கள் ஏன் திரும்பத் திரும்பப் பிறக்க வேண்டும், எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிட்டால் என்ன என்று கேட்கிறான். பதில் அவனுக்குள் இருந்த பழைய குரலிடமிருந்தே வருகிறது. இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்காக. மறுபடி நேசிக்கலாம் என்பதற்காக. வெகு காலத்துக்குப் பிறகு ராண்ட் சிரிக்கிறான்.

அந்தப் புத்தகம் வந்தது 2009இல். முன்னுரைக்கும் இந்த உச்சிக் காட்சிக்கும் இடையே பத்தொன்பது வருடம், பதினோரு புத்தகம். மனைவியைக் கொன்றவன் எங்கே தன்னை அழித்துக்கொண்டானோ, அங்கேயே வாழ்வதற்கான காரணமும் கிடைக்கிறது. இதைப் படித்துவிட்டு முதல் புத்தகத்தின் முன்னுரைக்குத் திரும்பினால், அதே வரிகள் வேறு கனத்தோடு இறங்கும். ஒரு தொடர் முடிந்திருந்தால்தான் இது கிடைக்கும்.

ஆனால் ஜோர்டனும் தன் கதையைத் தானே முடிக்கவில்லையே என்று கேட்கலாம். சரிதான். அவர் 2007இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டனின் குறிப்புகளை வைத்து, ஒரே புத்தகமாக வரவேண்டியதை மூன்றாகப் பிரித்து 2013இல் முடித்தார் சாண்டர்சன். நடை மாறியது தெரியும். குறிப்பாக ராண்டின் நண்பன் மேட், அவன் நகைச்சுவை பன்னிரண்டாம் பாகத்தில் ஒட்டவே இல்லை, பிறகுதான் கொஞ்சம் சரியானது. ஆனால் நிறைவுக் காட்சியை ஜோர்டனே இறப்பதற்கு முன் எழுதி வைத்திருந்தார். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்த முடிவு எனக்கு இரவலாகத் தோன்றவில்லை.

சின்ன முடிச்சுகளும் அப்படித்தான். 1993இல் வந்த ஐந்தாவது புத்தகத்தின் முடிவில் வில்லன்களில் ஒருவனான அஸ்மோடியன் ஒரு கதவைத் திறக்கிறான், யாரையோ பார்த்து "நீயா?" என்கிறான், சாகிறான். கொன்றது யார் என்று ரசிகர்கள் பதினேழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2010இல் வந்த பதின்மூன்றாவது புத்தகத்தின் பின்னிணைப்புச் சொற்பட்டியலில், போகிற போக்கில், விடை இருந்தது. அதை அங்கே வைத்ததில் எனக்கு வருத்தம்தான், ஒரு காட்சிக்கே தகுதியான விடை அது. ஆனாலும் விடை என்று ஒன்று இருக்கிறது.

ஜோர்டனைத் தொடங்குபவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் எட்டு முதல் பத்து வரையிலான பாகங்களில். அதை மறைக்க விரும்பவில்லை. ஏழாம் பாகத்தின் முடிவில் மேட் மேல் சுவர் இடிந்து விழுகிறது, எட்டாம் பாகத்தில் ஆளையே காணோம். பத்தாவது பாகமான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்' இன்னும் மோசம். ஒன்பதாம் பாகத்தின் முடிவில் மாபெரும் சம்பவம் ஒன்று நடக்கிறது, ஆண்களின் சக்தியிலிருந்த நஞ்சு நீங்குகிறது. பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலேயே போய்விடுகிறது. அந்தப் புத்தகத்தில் எனக்கு நினைவில் நிற்பது ஒரு காட்சிதான். ராண்டின் இன்னொரு நண்பன் பெரின், கடத்தப்பட்ட மனைவியைத் தேடும்போது கைதியிடம் உண்மை வாங்க அவன் கையை வெட்டுகிறான், அப்புறம் தன் கோடாலியையே தூக்கி எறிந்துவிட்டுப் போகிறான். அந்த ஒரு காட்சிக்காக அவ்வளவு பக்கங்களா என்றால், ஆமாம் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மார்ட்டினிடம் இத்தனை மந்தம் கிடையாது. நான்காவது புத்தகத்தில் டிரியன், ஜான், டெனேரிஸ் மூவரின் அத்தியாயங்களும் இல்லாதது குறைதான் என்றாலும், செர்சியின் அத்தியாயங்கள் அதை ஈடுகட்டிவிடும்.

இனி திரை வடிவம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று படங்களில் அடங்கியதற்குக் காரணம், கதையின் முதுகெலும்பு ஒன்றே ஒன்று. மோதிரத்தைக் கொண்டுபோய் எரிமலையில் போட வேண்டும். டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை எடுத்தாலும், ஊர் திரும்பிய பிறகு நடக்கும் சண்டையை விட்டாலும் கதை நிற்கும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் சிதறவில்லை. நான் ஒப்பிடும் இந்த இரண்டும் அப்படிச் சுருங்காது, சினிமா என்ற பேச்சே வேண்டாம்.

தொலைக்காட்சியில் மார்ட்டினுக்குத்தான் வெற்றி. 2011இல் தொடங்கிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் புத்தகத்தைப் பத்து எபிசோடில் கிட்டத்தட்ட அப்படியே கொண்டுவந்தது. அடைத்த அறையில் இரண்டு பேர் பேசும் காட்சிகளே கதையை நகர்த்துவதால் கேமராவுக்கு வசதி. அந்த முதல் நான்கு சீசன்களுக்கு நிகராக எதையும் நான் பார்த்ததில்லை. அப்புறம் தொடர் புத்தகங்களைத் தாண்டிப் போனது. சாய்ந்துகொள்ளப் பக்கம் இல்லை. கடைசி சீசன் ஆறே எபிசோட். இங்கேயும் அடித்தது அதே பிரச்சினைதான். எழுதப்படாத முடிவை யாரால் தழுவ முடியும்?

ஜோர்டனின் தொடருக்கு வேறு சிக்கல். அமேசான் தயாரிப்பு 2021இல் வந்தது, சீசனுக்கு எட்டு எபிசோட். முதல் எபிசோடிலேயே பெரினுக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு மனைவியைக் கொடுத்து, அவன் கையாலேயே அவளைத் தவறுதலாகச் சாக வைத்தார்கள். அவன் வன்முறையை அஞ்சுவதற்குக் காரணம் காட்ட நினைத்தது புரிகிறது. ஆனால் புத்தகத்தின் பெரின் காரணம் தேவைப்படாத ஆள். உடல் பலம் அதிகம், யாருக்கும் அடிபடக்கூடாதே என்று சிறுவயதிலிருந்தே நிதானமாக நடப்பவன். அந்த மென்மை போய்விட்டது.

மூன்றாவது சீசனில் நிலைமை மாறியது. ருயிடியன் என்ற பழைய நகரத்துக்கு ராண்ட் போகும் எபிசோடைப் பாருங்கள். கண்ணாடித் தூண்களுக்கு இடையே ராண்ட் நடக்க நடக்க, தன் முன்னோர்களின் கண் வழியாகக் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். ஒவ்வொரு முன்னோராகவும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே நடித்தார். இன்று உலகமே அஞ்சும் போர்க்குலம், ஆதியில் ஆயுதம் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் என்ற உண்மை ஒவ்வொரு அடியிலும் திறக்கிறது. நான்காவது புத்தகத்தின் ஆகச் சிறந்த பகுதி அது, திரையிலும் கெடவில்லை. அந்த சீசன் முடிந்த அடுத்த மாதமே, 2025 மே மாதத்தில், தொடர் நிறுத்தப்பட்டது. முடிந்த புத்தகத்துக்கு முடியாத திரைவடிவம், முடியாத புத்தகத்துக்கு முடிந்த திரைவடிவம்.

மறுபடி எடுத்தால் அனிமேஷனில் எடுக்கலாம் என்பது என் எண்ணம். நடிகர்களுக்கு வயதாகாது, மாய இழைகளைக் காட்டச் செலவு எகிறாது, ராண்டின் தலைக்குள் ஒலிக்கும் குரலையும் இயல்பாகக் கொண்டுவரலாம். இத்தனை நீளக் கதையை அனிமேஷன் தாங்குமா என்பதில் எனக்கு அனுபவம் போதாது. நான் பார்த்தவை எல்லாம் குறுகிய தொடர்கள்.

முடிந்த தொடர்தான் வேண்டும் என்றால் ஸ்டீவன் எரிக்சனின் 'மலஸான்' இருக்கிறதே என்பார்கள். பத்துப் பாகம், 1999 முதல் 2011க்குள் முடித்துவிட்டார். நான் இரண்டு பாகத்தோடு நிற்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். படித்தவரையில் அது முதல் பக்கத்திலேயே ஆழத்தில் தள்ளிவிடும் எழுத்து, புதியவர்களுக்குக் கடினம்.

வீல் ஆஃப் டைம் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. 'நியூ ஸ்பிரிங்' என்ற முன்கதை நாவலை, முன்கதைதானே என்று முதலில் எடுக்காதீர்கள். 2004இல், பத்தாம் பாகத்துக்குப் பிறகு வந்தது அது. அங்கேயே படியுங்கள். தொடரின் முக்கியப் பாத்திரங்களான மொய்ரெய்னும் லானும் முதன்முதலில் சந்திக்கும் கதை, அளவில் சின்னது, வேகமாக ஓடும். பத்தாம் பாகத்தின் அலுப்பில் இருக்கும்போது அது கைக்கு வந்தால் பதினொன்றுக்குப் போகத் தெம்பு கிடைக்கும். பதினொன்றிலிருந்து கதை நிற்காது.