“பிரஷர் டெஸ்ட் பண்ணியாச்சு” என்று சொல்லி விற்கும் பழைய கெக்குகள்: ஜாக்கிரதை

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் யாராவது பழைய கார்னி கெக் (பீரை கேஸ் அழுத்தத்தில் வைக்கும் உயரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம்) வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நான் வாங்கிய இரண்டு கெக்கும் கசிந்தன. “எல்லாம் பிரஷர் டெஸ்ட் பண்ணினது, ஓ-ரிங் எல்லாம் புதுசு” (ஓ-ரிங் என்றால் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர் இப்போது போனையே எடுப்பதில்லை.

அவர் காட்டிய டெஸ்ட் என்ன தெரியுமா? மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தார். புஸ்ஸென்று கேஸ் வந்தது. “பாருங்க, பிரஷர் அப்படியே நிக்குது” என்றார். நாம் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கேஸ் ஏற்றி வைத்தாலும் அதே புஸ் வரும். தவிர, கார்னி கெக்கின் மூடி உள்ளிருந்து வாயை அடைக்கும் மூடி. 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏற்றினால் கேஸே அதை விளிம்போடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், சுமாரான மூடிகூட கசியாமல் நிற்கும். நாம் பீரை வைத்திருப்பதோ 10, 12 பிஎஸ்ஐயில். மூடியின் வண்டவாளம் அங்கேதான் தெரியும்.

கசிவது எனக்குத் தெரிந்தது கேஸ் சிலிண்டர் காலியான பிறகுதான். ஏன் முன்பே தெரியவில்லை என்றால், சிலிண்டருக்குள் திரவமாகக் கார்பன் டை ஆக்சைடு இருக்கும்வரை ரெகுலேட்டரில் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பெரிய முள் இறங்கவே இறங்காது. 21 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 850 பிஎஸ்ஐயில் நிற்கும். கடைசிச் சொட்டுத் திரவமும் ஆவியான பிறகு மடமடவென்று விழும். முள்ளைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. சிலிண்டரை எடை போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

அப்புறம் கெக்குகளைப் பிரித்தேன். முதல் கெக்கின் வாய் விளிம்பு முழுக்கக் கொழகொழவென்று கிரீஸ். ரிங்கில் லேசாகத் தடவுவது வழக்கம்தான், ஆனால் இது அப்பி வைத்தது. துடைத்தால் ஓரிடத்தில் நகம் சிக்கும் அளவுக்கு நசுங்கல். அதை மறைக்கத்தான் அவ்வளவு கிரீஸ். புதுசு என்று சொன்ன ரிங்குகளில் மூடியின் பெரிய ரிங் மட்டும்தான் புதுசு. ஒரு கெக்குக்கு ஐந்து ரிங் உண்டு: மூடிக்கு ஒன்று, இரண்டு போஸ்ட்டின் (கேஸ் குழாயும் பீர் குழாயும் மாட்டும் முனைகள்) வெளியே ஒவ்வொன்று, உள்ளே டிப் டியூபின் (போஸ்ட்டிலிருந்து கெக்குக்குள் இறங்கும் குழாய்) கழுத்தில் ஒவ்வொன்று. பாக்கி நான்கும் காய்ந்து வெடித்து, பழைய சோடா சிரப் வாசனையோடு இருந்தன. (இந்த கெக்குகள் ஒரு காலத்தில் குளிர்பானக் கம்பெனிகளின் சிரப்பைச் சுமந்தவை. குழாய் மாட்டும் முனை பெப்சிக்கு ‘பால் லாக்’ (ball lock) வகை, கோக்குக்கு ‘பின் லாக்’ (pin lock) வகை.)

இரண்டாவது இன்னும் மோசம். மூடி, வால்வு, போஸ்ட் எங்கே சோப்புத் தண்ணீர் தெளித்தாலும் குமிழி இல்லை. ஆனால் காலையில் பிரஷர் பூஜ்யம். கடைசியில் அடிப்பக்கத்து ரப்பர் உறையின் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கட்டியது. உறையைக் கழற்றினால் வெல்டிங் ஓரமாக ஊசிக்குத்து போலக் குழிகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை பிளீச்சில் ஊறப் போட்டால் இப்படி அரிக்கும். இதைச் சொன்னபோது, “பசை வச்சு அடைச்சிடுங்க” என்று அவர் அனுப்பியதுதான் கடைசி மெசேஜ். அழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரத்தில் அந்த வேலையே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் இவ்வளவு செய்யச் சொல்லுங்கள். கெக் காலியாக இருக்கட்டும். உள்ளே பீரோ தண்ணீரோ இருந்தால் அது கேஸை உறிஞ்சும், கசிவே இல்லாமலும் பிரஷர் இறங்கும். முதலில் 30 ஏற்றி மூடியை உட்கார வைத்து, பிறகு வால்வை இழுத்து 10க்குக் கொண்டுவந்து, கேஸ் குழாயைக் கழற்றிவிட வேண்டும். கேஸ் போஸ்ட்டில் ஒரு சின்ன கேஜ் மாட்டி ராத்திரி முழுக்க ஒரே வெப்பத்தில் வைக்க வேண்டும். நடுவில் ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரிலேயே முள் இறங்கி நம்மைக் குழப்பும். ரப்பர் உறையைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? போஸ்ட்டைத் திருகிக் கழற்றும் முன் கேஸை முழுக்க வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது முகத்துக்கே பாயும். டெஸ்டைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும், மூச்சு முட்டும்.

முதல் கெக்குக்கு மெத்தென்ற, சற்றுத் தடித்த மூடி ரிங் போட்டிருக்கிறேன், இப்போதைக்கு 10 பிஎஸ்ஐயில் நிற்கிறது. இரண்டாவதிலிருந்து போஸ்ட்டுகளையும் மூடியையும் உதிரிக்குக் கழற்றிக்கொண்டேன். மிச்சம் பழைய இரும்புக்குத்தான்.