ரூகர் பிரிசிஷன் ரைஃபிள், 6.5 கிரீட்மூர்: முதல் 200 தோட்டாக்கள்

2015-இல் அமெரிக்க நிறுவனமான ரூகர் இந்தப் பிரிசிஷன் ரைஃபிளை வெளியிட்டபோது பேசப்பட்டது ஒன்றுதான்: தொலைதூரச் சுடுதலுக்கு வேண்டியதெல்லாம் ஒரே பெட்டிக்குள் வருகிறது. தோளில் அண்டும் மடக்கு ஸ்டாக், கன்னம் வைக்கும் கட்டையின் உயரத்தையும் ஸ்டாக்கின் நீளத்தையும் கருவி இல்லாமல் மாற்றும் நெம்புகள், 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) சாய்வுள்ள மேல் ரெயில், பேரலை (குழலை) எங்கும் தொடாத முன்பிடி, 10 தோட்டா பிடிக்கும் இரண்டு மேகசின்கள். முன்பெல்லாம் இவற்றைத் தனித்தனியாக வாங்கிப் பட்டறையில் கொடுத்துப் பொருத்த வேண்டியிருந்தது. இதன் பலம் இன்றும் அதுவே. ஆலன் கீயும் டார்க் ரெஞ்சும் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு மேசையிலேயே இதைத் தன் உடம்புக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். அந்த அமைப்பில் நேரும் பிழைகளைத்தான் பலரும் பிறகு பேரலின் தலையில் போடுகிறார்கள். புதுப் பேரலைச் சுட்டுத் துடைத்துப் பழக்குவதற்குச் செலவிடும் கவனத்தில் பாதியை ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்துவதில் செலவிட்டால் போதும், பெரும்பாலான புகார்கள் எழவே எழாது.

பேரல் 24 அங்குலம். 4140 குரோம்-மாலி எஃகைச் சூடாக்காமல் சுத்தியடித்து உருவாக்கியது. உள்ளே குண்டைச் சுழலவைக்கும் 5ஆர் வகை வரிகள், 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 6.5 கிரீட்மூர் தோட்டாவின் 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) குண்டுக்கு இந்தச் சுற்று கச்சிதம். நல்ல தொழிற்சாலைத் தோட்டாவில் வினாடிக்கு ஏறக்குறைய 2,700 அடி வேகம் கிடைக்கும். வெறும் துப்பாக்கியே 10.7 பவுண்டு, அதாவது 4.85 கிலோ. ஸ்கோப், பைபாட் (முன்னால் தாங்கும் இரட்டைக் கால்), நிரம்பிய மேகசின் எல்லாம் சேர்ந்தால் ஆறரைக் கிலோவை எட்டிவிடும். தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி வேட்டைக்குப் போகிறவர் வேறு துப்பாக்கி பார்ப்பது நல்லது. படுத்துச் சுடுகிறவருக்கோ அந்த எடைதான் துணை. உதைக்கும்போது இலக்கு ஸ்கோப்பை விட்டு ஓடாது. குண்டு எங்கே பட்டது என்பதைச் சுட்டவரே பார்க்கலாம்.

பெட்டியைத் திறந்ததும் மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு ஸ்டாக்கை மடித்து, தோட்டாவை ஏற்றிப் பூட்டும் போல்ட்டை நேராகப் பின்னால் உருவுங்கள். பேரலுக்குள்ளும் அறையிலும் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். அதோடு சுடவே கூடாது. வெடிக்கும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தால் கூடு வழுக்கும். அது தாங்க வேண்டிய விசையும் போல்ட்டின் மேலேயே விழும். கரைப்பானில் நனைத்த துணித் துண்டு இரண்டை உள்ளே தள்ளி, ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த துண்டுகள் சுத்தமாக வெளிவரும் வரை தள்ளுங்கள். அறையைத் தனியாக ஒரு துணியால் சுழற்றித் துடைக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

புதிதில் போல்ட் சற்றுக் கரகரவென்று ஓடும். மூன்று பூட்டுப் பற்கள் கொண்ட போல்ட் இது. கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும். அந்தக் குறுகிய சுழற்சிக்குள்ளேயே உள்ளிருக்கும் சுருள்வில்லையும் இழுத்தாக வேண்டியிருப்பதால் தூக்குவது கொஞ்சம் கனமாகத் தெரியும். பற்களின் பின்முகத்திலும், போல்ட்டின் பின்பகுதியில் வில்லை இழுக்கும் சரிவிலும் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள். வெற்றுத் தோட்டா, அதாவது ஸ்னாப் கேப், போட்டு நூறு முறை ஏற்றி இறக்கினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். பற்களின் முன்முகத்திலும் போல்ட் முகத்திலும் கிரீஸ் வேண்டாம். அங்கே ஒட்டும் மசி அறைக்குள் போய்ச் சேரும்.

இனி ஸ்கோப். மேல் ரெயிலை நான்கு திருகுகள் பிடிக்கின்றன. அவை இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஸ்கோப் ஏறிவிட்டால் அவற்றைத் தொட முடியாது. ஸ்டாக் பேரலின் நேர்கோட்டிலேயே இருப்பதால் தலை இயல்பாகவே உயரத்தில் நிற்கும். அதனால் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களில் தாழ்ந்தவற்றைத் தேடிப் போவதில் பயனில்லை. ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் முன்பிடியின் மேலும் ரெயில் ஓடியது. பிந்தைய வடிவங்களில் அது இல்லாததால் 56 மி.மீ. முன்கண்ணாடிக்கும் தாராளமாக இடமிருக்கிறது.

வளையத்தின் அடிப்பகுதியை ரெயில் பள்ளத்தில் வைத்து, பேரல் முனையை நோக்கி முன்னால் தள்ளிப் பிடித்தபடியே இறுக்குங்கள். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் தன் எடையால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும்; ரெயிலைப் பொறுத்தவரை அது முன்னால் நகர்வதற்குச் சமம். முதலிலேயே முன்சுவரில் முட்ட வைத்துவிட்டால் நகர இடமிருக்காது. ரெயிலைக் கவ்வும் திருகுக்கு வளையத் தயாரிப்பாளரைப் பொறுத்து 45 முதல் 65 இன்ச் பவுண்டு. மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18. மூடித் திருகுகளுக்கு லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட வேண்டாம். ஈரத் திருகு வழுக்கும். ரெஞ்ச் 18 என்று சொல்லும்போது உண்மையான இறுக்கம் அதைத் தாண்டியிருக்கும். அளவு மீறினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். தூரத்துக்கேற்பப் பிம்பத்தைத் திருத்தும் பேரலாக்ஸ் குமிழ் சுழல மறுப்பதும், உருப்பெருக்க வளையம் கனமாகிப்போவதும் அதன் முதல் அறிகுறிகள்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்குமான தூரத்தை உட்கார்ந்துகொண்டு அமைக்காதீர்கள். நீங்கள் எப்படிச் சுடப்போகிறீர்களோ அப்படியே படுத்து, உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் பதித்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஓரத்தில் கருப்பு நிழல் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தலையை நகர்த்தாதீர்கள். ஸ்கோப்பை முன்பின்னாகவும், கட்டையை மேல்கீழாகவும் நகர்த்துங்கள். ஸ்டாக்கின் நீளம் 12 முதல் 15.5 அங்குலம் வரை மாறும் என்பதால் குள்ளமானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே துப்பாக்கி பொருந்தும். இந்த விலைத் தட்டில் இதன் மிகப் பெரிய நன்மை இதுதான்.

அடுத்தது குறுக்குக்கோட்டை நேராக்குவது. துப்பாக்கியின் ரெயில்மேல் ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். தூரத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள். மூடித் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். ஒருபக்கமாக இறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கம் உருளும். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று தோன்றலாம். 1,000 கெஜத்துக்கு இந்தத் தோட்டாவில் ஸ்கோப்பைச் சுமார் 30 எம்ஓஏ ஏற்ற வேண்டும். துப்பாக்கி 1 டிகிரி சாய்ந்திருந்தாலே குண்டு அரை எம்ஓஏ பக்கவாட்டில் போகும். அந்தத் தூரத்தில் அது 14 செ.மீ. 3 டிகிரி சாய்ந்தால் 40 செ.மீ.க்கு மேல். காற்று என்று நினைத்துத் திருத்தும் பிழைகளில் பல இந்தச் சாய்வுதான். ஸ்கோப் குழாயில் ஒரு சிறு ரசமட்டம் பூட்டிக்கொள்வது வீண்செலவல்ல.

டிரிகரை அழுத்தத் தேவையான விசையை 2.25 முதல் 5 பவுண்டு வரை மாற்றலாம். அதற்கான சிறு சாவி போல்ட்டின் பின்மூடிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டரையில் வைத்தால் போதும். புதிதாகப் பழகுபவர் மூன்றுக்குக் கீழே போக வேண்டியதில்லை. மாற்றிய பிறகு துப்பாக்கி காலி என்பதை மறுபடி பார்த்துவிட்டு மூன்று சோதனைகள் செய்யுங்கள். போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு டிரிகரை அழுத்தி விட்டு, பிறகு பூட்டை எடுங்கள். ஸ்டாக்கின் அடியைத் தரையில் ரப்பர் விரித்துத் தட்டுங்கள். எதிலாவது சுடும் ஊசி தானாக விழுந்தால் டிரிகர் அளவுக்கு மீறி இளகியிருக்கிறது என்று பொருள். திரும்ப இறுக்காமல் தோட்டாவைத் தொடக் கூடாது.

பேரல் முனையிலுள்ள பிரேக் உதையை நன்றாகக் குறைக்கிறது. விலையாக, சத்தத்தைப் பக்கவாட்டில் வீசுகிறது. காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அப்படியே. பிரேக்கைக் கழற்றி மாட்டியிருந்தால் பூட்டு நட்டு இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தளர்ந்த பிரேக்கின் ஓரத்தில் குண்டு உரசக்கூடும்.

பேரலைப் பழக்குவது பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. பழக்கச் சொல்லும் காரணம் என்னவோ உண்மைதான். அறையை வெட்டும் ரீமர், வரிகள் தொடங்கும் தொண்டைப் பகுதியில், குண்டு போகும் திசைக்குக் குறுக்காக நுண்ணிய கீறல்களை விடுகிறது. அவை குண்டின் செம்பைச் சுரண்டுகின்றன. சுரண்டிய செம்பு வெப்பத்தில் ஆவியாகி, பேரலில் முன்னால் போய்ப் படிகிறது. சில டஜன் குண்டுகள் போனால் கீறல் மழுங்கும், படிவு குறையும். கையால் தேய்த்து மெருகேற்றிய போட்டிப் பேரல்களை விற்கும் கிரீகர் போன்றவர்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒருமுறை துடைத்துத் தொடங்கும் முறையைச் சொல்கிறார்கள். சுத்தியடித்து உருவான இந்தப் பேரலுக்கு அத்தனை சடங்கு தேவையில்லை. முதல் ஐந்து தோட்டாக்களுக்கு ஒவ்வொன்றுக்குப் பிறகும், அடுத்த பதினைந்துக்கு ஐந்து ஐந்தாகச் சுட்டும் செம்பை நீக்குங்கள். துணியில் நீலக்கறை ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வேலை முடிந்தது. குறையாவிட்டாலும் துப்பாக்கி குண்டுகளை நெருக்கமாகப் போட்டால், அதாவது நன்றாகக் குரூப் போட்டால், கவலைப்பட ஒன்றுமில்லை.

பேரல் சுடுவதால் மட்டுமல்ல, தவறாகத் துடைப்பதாலும் கெடும். வேண்டியவை: பூச்சு உள்ள ஒற்றைத் துண்டு ராடு, ராடை நடுவில் நிறுத்த அறையில் பொருந்தும் போர் கைடு, துணியைத் தாங்கும் 6.5 மி.மீ. அளவு ஜாக், நைலான் பிரஷ். எப்போதும் அறையிலிருந்து முனை நோக்கியே தள்ள வேண்டும். முனையில் துணியை உதிர்த்துவிட்டு, ராடை முனை விளிம்பில் உரசாமல் மெதுவாக இழுங்கள். அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பானோடு வெண்கல பிரஷ் போட்டால் பிரஷே கரைந்து நீலம் காட்டும். பேரல் சுத்தமாகிவிட்ட பிறகும் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். கரைப்பான் டிரிகருக்குள் வழியாதபடி துப்பாக்கியின் முனை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும்.

குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்த, அதாவது சீரோ செய்ய, 25 மீட்டரில் தொடங்குங்கள். போல்ட்டை உருவிவிட்டு, பேரல் வழியே இலக்கின் மையத்தைப் பார்த்து, துப்பாக்கி அசையாமல் ஸ்கோப்பை அங்கே கொண்டுவந்தால் முதல் குண்டே தாளில் படும். பேரலுக்கு 5 செ.மீ. மேலே ஸ்கோப் இருந்தால், 25 மீட்டரில் குண்டு மையத்துக்குச் சுமார் 2 செ.மீ. கீழே படும்படி விட்டுவிட்டு 100 மீட்டருக்குப் போகலாம். அங்கே மூன்று சூட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்துச் சுட்டு, பத்தின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு ஸ்கோப்பில் 0.1 மில் கிளிக் ஒன்று 100 மீட்டரில் 1 செ.மீ. துடைத்த பேரலின் முதல் இரண்டு மூன்று குண்டுகள் விலகிப் போவது இயல்பு. அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சீரோ ஆன கையோடு உயரத் தாள் சோதனையைச் செய்துவிடுங்கள். உயரமான தாளில் தூக்குக்குண்டு வைத்து ஒரு மீட்டருக்கு மேல் செங்குத்துக் கோடு வரையுங்கள். 100 மீட்டரிலிருந்து அடியிலுள்ள புள்ளியையே குறிவைத்து, முதலில் 0, பிறகு 10 மில் ஏற்றிச் சுடுங்கள். இரண்டு குரூப்புக்கும் நடுவே சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும். 98 என்றால் உங்கள் ஸ்கோப் 2 சதவீதம் குறைத்துத் தருகிறது. கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். மேல் குரூப் கோட்டை விட்டு விலகினால் குறுக்குக்கோடு சாய்ந்திருக்கிறது. வளையத்தைத் தளர்த்தி மறுபடி தூக்குக்குண்டுக்குத் திரும்புங்கள்.

தூரக் கணக்குக்கான குண்டின் வேகத்தை முதல் நாளே பதியாதீர்கள். பல புதிய பேரல்களில் முதல் 100 முதல் 200 தோட்டாக்களுக்குள் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பிறகுதான் நிலைக்கிறது. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு ஏற்றுவது என்ற அட்டவணையை 200-க்குப் பிறகு அளந்த வேகத்தைக் கொண்டே போடுங்கள். அதற்குள் அட்டவணை போட்டவருக்குத்தான் 800 கெஜத்துக்கு அப்பால் எல்லாமே மேலே போகும்.

குறைகள் இல்லாமலில்லை. ஸ்டாக்கின் நெம்புகள் முழுதாக இறுகாவிட்டால் கன்னக்கட்டையில் லேசான ஆட்டம் தெரியும். தொடங்குமுன் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பிடி பலருக்கு மெலிதாகத் தோன்றும், ஆனால் ஏஆர் வகைப் பிடி (ஏஆர்-15 துப்பாக்கியில் மாட்டுவது) எதையும் மாட்டிக்கொள்ளலாம். வேகமாகப் பத்துச் சுட்டால் சூடான பேரலின் மேல் கானல் எழுந்து இலக்கு மிதக்கத் தொடங்கும். அப்போது போல்ட்டைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். சூடான அறையில் தோட்டாவை விட்டுவைக்காதீர்கள்.

6.5 கிரீட்மூர் பேரல் துல்லியத்தோடு 2,000 முதல் 3,000 தோட்டாக்கள் வரை உழைக்கும். தேய்ந்த பேரலை இதில் ஏஆர் வகை நட்டைக் கழற்றி மாற்றலாம். ஆனால் கோ, நோ-கோ கேஜ் (அளவுகட்டைகள்) இரண்டும் வைத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்குமான தூரம், பார்க்காமல் நட்டை இறுக்கிச் சுடக் கூடாது. கேஜ் கையில் இல்லாதவர் அந்த ஒரு வேலையை மட்டும் துப்பாக்கிப் பட்டறைக்கே விட்டுவிடட்டும்.