12 மீட்டர் பாய்மரப் படகில் ஆட்டோமேஷன்: உப்புக்காற்றில் பல வருடம் ஓடிய பிறகு

படகு ஆட்டோமேஷன் என்ற பெயரில் இரண்டு வேலைகளைச் சேர்த்து விற்கிறார்கள். பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, பில்ஜ் (படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்), நங்கூரம் எல்லாவற்றையும் கண்காணிப்பது ஒன்று. விளக்கு, பம்ப், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் திரையிலிருந்தே போட்டு அணைப்பது, அதாவது டிஜிட்டல் சுவிட்சிங், இன்னொன்று. 12 மீட்டர் படகுக்குக் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். டிஜிட்டல் சுவிட்சிங் அந்த அளவுக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் முடிவு. சாதாரண பிரேக்கர் பேனலை நடுக்கடலில் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்தே சரிபார்த்துவிடலாம். டிஜிட்டல் சுவிட்சிங்கின் மாட்யூல் (சுவிட்ச் வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் பெட்டி) மௌனமானால் அது முடியாது.

இங்கே பேசுவது விக்ட்ரான் செர்போ ஜிஎக்ஸ் (பேட்டரி, தொட்டி விவரங்களைத் திரட்டும் கண்காணிப்புப் பெட்டி), ஒரு என்எம்இஏ 2000 லைன் (படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள் வலை), ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓடும் சிக்னல் கே சர்வர் (படகின் தரவுகளைத் திரட்டித் தரும் சாஃப்ட்வேர்) ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பைப் பற்றி.

வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை என்எம்இஏ லைனில்தான். மெல்லிய கேபிளில், நடுவே ஓடும் முதுகெலும்பு லைன் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து பிரியும் ஒவ்வொரு கிளையும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. முதுகெலும்பின் இரண்டு முனைகளிலும் தலா ஒரு 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் செருகும் மின்தடை) வேண்டும். கருவிகள் திரையில் அவ்வப்போது காணாமல் போய்த் திரும்பி வந்தால், சாஃப்ட்வேரைத் தொடும் முன் லைனுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு, வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் டெர்மினேட்டர்கள் சரி. 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் கழன்றிருக்கிறது, அல்லது லைன் எங்கோ அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது டெர்மினேட்டரைச் செருகியிருக்கிறார்கள். படகுகளில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்: புதுக் கருவி வாங்கும்போது பெட்டியில் வந்ததையெல்லாம் மாட்டிவிடுவார்கள். கிளை பிரியும் இடத்தில் உள்ள டி-கனெக்டரில் காலியாக இருக்கும் வாய்க்கு மூடி போடுங்கள். உள்ளே ஏறும் ஈரம் பின்களைப் பச்சையாக்கிவிடும். அதன் பிறகு ரீடிங்கை நம்ப முடியாது.

இந்த லைனுக்கு ஹவுஸ் பேட்டரியிலிருந்துதான் (விளக்கு, கருவிகளுக்கான பேட்டரி) சப்ளை கொடுக்க வேண்டும். இன்ஜின் பேட்டரியில் மாட்டினால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நொடியில் வோல்ட்டேஜ் 9-க்குக் கீழே விழுந்து கருவிகள் ரீஸ்டார்ட் ஆகும். துறைமுக வாசலில் இன்ஜின் போடும்போது திரை இருண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பில்ஜ் பம்ப் விஷயத்தில் சமரசமே கூடாது. பேட்டரி, தனி ஃப்யூஸ், ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் தானாகப் போடும் மிதவை சுவிட்ச்), பம்ப்: நடுவில் எந்தக் கம்ப்யூட்டரும் வரக்கூடாது. ஆட்டோமேஷன் அதை வேடிக்கை பார்த்தால் போதும். பம்பின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் குறுக்கே 12 வோல்ட் சின்ன ரிலேயின் காயிலை இணைத்து, அதன் கான்டாக்ட்டைச் செர்போவின் டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொண்டு போங்கள். அந்த இன்புட்டில் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் போர்டு போய்விடும். மெனுவில் அதை 'பில்ஜ் பம்ப்' என்று வைத்துவிட்டால், பம்ப் எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு தெரியும். வழக்கத்தைவிட அதிகமாக ஓடினால் முதலில் ஷாஃப்ட் சீலை (ப்ரொப்பல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தின் அடைப்பு) பாருங்கள், பிறகு கடல்நீர் வால்வுகளை.

தொட்டி சென்சாரில் ஐரோப்பிய வகை 0–180 ஓம், அமெரிக்க வகை 240–30 ஓம். மெனுவில் மாற்றி வைத்தால் நிரம்பிய தொட்டியைக் கிட்டத்தட்ட காலி என்று காட்டும்.

கரண்ட் செலவை வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். செர்போவுக்கு ஏறக்குறைய 3 வாட், ராஸ்பெரி பைக்கு 5 வாட் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 192 வாட்-ஹவர், அதாவது 12 வோல்ட்டில் 16 ஆம்ப்-ஹவர். சோலார் இல்லாமல் மூன்று வாரம் படகைக் கட்டி வைத்தால் 336 ஆம்ப்-ஹவர் போய்விடும். அதனால் ராஸ்பெரி பைக்குத் தனி சுவிட்ச் வைத்து, படகை விட்டு இறங்கும்போது ஷட்டவுன் செய்து அணைத்துவிடுவது நல்லது. ஷட்டவுன் செய்யாமல் அப்படியே சுவிட்சைத் தட்டினால் மெமரி கார்டு கெடலாம். கார்டுக்குப் பதில் யுஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்வது இதைவிட எவ்வளவோ உறுதியானது. 5 வோல்ட் 3 ஆம்ப் கன்வெர்ட்டரை ராஸ்பெரி பைக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள். நீளமான மெல்லிய யுஎஸ்பி கேபிளில் வோல்ட்டேஜ் குறைந்து, காரணமே தெரியாமல் அது பாதியில் நின்றுவிடும்.

படகு பெரிது, டிஜிட்டல் சுவிட்சிங் வேண்டும்தான் என்றால், சீசோன் என்ற பிராண்டு போல, ஃப்யூஸை இடம் மாற்றிக் கையாலேயே பைபாஸ் செய்யக்கூடிய மாட்யூலாகப் பாருங்கள். கான்ஃபிகரேஷன் ஃபைலின் நகலை வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அது பொருத்தியவரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், வேறு துறைமுகத்தில் ஒரு விளக்கின் பெயரை மாற்றக்கூட அவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

கம்பி எல்லாம் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். கம்பி முனையை நசுக்கி இணைக்கும் கிரிம்ப்பின் மேல், உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போடுங்கள். உதிரியாக ஒரு டெர்மினேட்டர், ஒரு டி-கனெக்டர், 2 மீட்டர் கிளைக் கேபிள், ராஸ்பெரி பையின் எஸ்எஸ்டிக்கு ஒரு நகல்: இவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, கடல் வரைபடம் விரிக்கும் சார்ட் டேபிளுக்குக் கீழே வையுங்கள்.