ஓரிகாமி பழக எது நல்லது: ஏ4 தாளா, வண்ணத்தாளா?

காகித மடிப்பு பழகத் தொடங்கியபோது நான் எடுத்தது பிரிண்டரில் போடும் ஏ4 தாள். இரண்டு மாதம் கழித்துத்தான் ஒருபக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாக வரும் ஓரிகாமித் தாளுக்கு மாறினேன். முதலிலேயே மாறியிருக்க வேண்டும்.

ஏ4 தாளின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான். மலிவு, கசங்கினால் வருத்தமில்லை. 21 செ.மீ. சதுரமாக வெட்டினால் விரலுக்கும் தாராளம். ஆனால் வெட்டு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முனைகள் சேராமல் இழுத்துக்கொண்டு நிற்கும். வண்ணத்தாள் பெரும்பாலும் 15 செ.மீ. சதுரமாகவே வருவதால் அந்த வேலை மிச்சம்.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். என்னை மாற்றியது நிறம்தான், அழகுக்காக அல்ல. மடிப்புப் படங்களில் தாளின் ஒரு பக்கத்தை நிழலிட்டு, மறுபக்கத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தால் அந்தக் குறிப்பு வீண். 'தாளைத் திருப்பு' என்ற அம்புக்குறியைத் தவறவிட்டோமா, இரண்டு முறை திருப்பிவிட்டோமா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

கொக்கு செய்ய முதலில் சதுர அடித்தளம், அதாவது சதுரமாக மடித்த தொடக்க வடிவம், வேண்டும். இரண்டு மூலைவிட்டம், இரண்டு நேர்மடிப்பு, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், முக்கோண அடித்தளத்துக்கும் அதே கோடுகள்தான். மலை மடிப்பும் (கோடு மேலே புடைப்பது) பள்ள மடிப்பும் (கோடு உள்ளே இறங்குவது) மட்டும் இடம் மாறும். நடுப்புள்ளி எதிர்ப்பக்கம் புடைத்துக்கொண்டால் சதுரத்துக்குப் பதில் முக்கோணம் வந்து நிற்கும். ஏ4-இல் எனக்கு அப்படி வந்தபோதெல்லாம் காரணம் புரியாமல் தாளைத் தூக்கிப் போட்டேன். வண்ணத்தாளில் வெளியே வெள்ளை தெரிந்ததுமே குட்டு உடைந்துவிட்டது. அதன்பின் நடுப்புள்ளியை மறுபக்கம் அமுக்கினால் போதும், தாளை வீணாக்க வேண்டியதில்லை.

வண்ணத்தாளுக்கும் குறை உண்டு. பிரித்துப் பிரித்து மடித்தால் கோட்டோரம் நிறம் தேய்ந்து வெள்ளை எட்டிப்பார்க்கும். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா கொண்டுவந்த ஈரமடிப்புக்கு, அதாவது தாளை லேசாக நனைத்து மடிப்பதற்கு, கனமான தாள்தான் சரி. அதை நான் ஒரே ஒருமுறைதான் முயன்றேன், அதனால் பெரிதாகப் பேசமாட்டேன்.

ஏ4-ஐ நான் முழுக்கக் கைவிடவில்லை. ஆறு துண்டு மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகும் சொனோபே கனசதுரத்துக்கு இப்போதும் அதைத்தான் எடுக்கிறேன். அதில் தாளின் விறைப்புதான் துணை.