ரீஃபர்பிஷ்டு டெல் ஆர்730: கல்லூரி கிளஸ்டருக்கு வாங்கலாமா?

திருச்சி என்.ஐ.டி.யில் உள்ள 'பரம் பொருள்' சூப்பர்கம்ப்யூட்டர் போன்ற 838 டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) எந்திரம் எல்லாக் கல்லூரிக்கும் வாய்க்காது. வாய்க்கவும் தேவையில்லை. ஒரு துறையில் நான்கைந்து ஆய்வாளர்கள் அன்றாடம் அணு அளவில் பொருட்களைக் கணக்கிடும் குவான்டம் எஸ்பிரெஸ்ஸோவோ, பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோமோ ஓட்டுவதற்கு ஆறு நோடு (ஒன்றாக இணைத்த சர்வர்) கொண்ட சின்ன கிளஸ்டரே தாராளம். டேட்டா சென்டர்களில் இருந்து கழற்றி விற்கப்படும் டெல் பவர்எட்ஜ் ஆர்730 அதற்கு ஏற்ற பெட்டி. வாங்கலாம். ஆனால் எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் பிராசஸர். இந்தப் பெட்டியில் இன்டெல் சியான் இ5-2600 வரிசையின் வி3, வி4 இரண்டும் உட்காரும். வி4 கேளுங்கள். இ5-2680 வி4 இரண்டு போட்டால் 28 கோர். ஏட்டுக் கணக்கில் 28 × 2.4 கிகாஹெர்ட்ஸ் × 16 (ஒரு கடிகாரத் துடிப்பில் ஒரு கோர் செய்யும் கணக்கு), அதாவது 1,075 கிகாஃப்ளாப்ஸ். ஏவிஎக்ஸ் (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் பிராசஸர் கட்டளைகள்) கணக்குகளில் கடிகார வேகம் இறங்குவதால் நிஜத்தில் கிடைப்பது இதைவிடக் குறைவு. "அதே மாதிரிதான் சார், விலை பாதி" என்று கடைக்காரர் முந்தைய மாடலான ஆர்720 எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் வரும் வி2 பிராசஸருக்கு ஏவிஎக்ஸ்2 கிடையாது. அதனால் இலவச இயங்குதளமான ராக்கி லினக்ஸ் 10 அதில் ஏறாது.

பணம் வீணாகும் இடம் மெமரிதான். ஒவ்வொரு பிராசஸருக்கும் நான்கு மெமரி சேனல். நான்கிலும் டிடிஆர்4-2400 ஸ்டிக் இருந்தால் பிராசஸர் ஒன்றுக்கு விநாடிக்கு 76.8 ஜிபி அலைவரிசை (தரவு போய்வரும் வேகம்). விற்பவர்கள் பெரும்பாலும் 32 ஜிபி ஸ்டிக் நான்கைப் போட்டு "128 ஜிபி" என்று கொடுப்பார்கள். அப்போது பிராசஸருக்கு இரண்டே ஸ்டிக், பாதி சேனல் காலி, அலைவரிசையும் பாதி. ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருளுக்கு இது நேரடி அடி. கோர் எத்தனை இருந்தாலும் மெமரிக்காகக் காத்துக் கிடக்கும். அதே 128 ஜிபியை 16 ஜிபி ஸ்டிக் எட்டாகக் கேளுங்கள். மதர்போர்டில் வெள்ளைக் கொக்கி உள்ள ஸ்லாட்டுகள்தான் ஒவ்வொரு சேனலின் முதல் இடம். ஏ1 முதல் ஏ4, பி1 முதல் பி4 வரை அவற்றில் செருகினால் போதும். மெமரி விலை ஏறி இறங்குவதால் கொட்டேஷனில் பெட்டி விலை தனி, மெமரி விலை தனி என்று எழுதி வாங்குங்கள்.

இந்த சர்வர்களில் இசிசி (பிட் பிழையைத் தானே கண்டு திருத்தும்) மெமரி கட்டாயம் இருக்கும். விலை குறைந்த டெஸ்க்டாப்பை அடுக்கி கிளஸ்டர் கட்ட நினைப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2003இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 பவர் மேக் ஜி5 கணினிகளை இணைத்து 'சிஸ்டம் எக்ஸ்' கட்டியது. 10.28 டெராஃப்ளாப்ஸ் எட்டி உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால் அந்தக் கணினிகளில் இசிசி இல்லை. அடுத்த ஆண்டே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இசிசி உள்ள எக்ஸ்சர்வ் பெட்டிகளை வைத்தார்கள். பத்து நாள் ஓடும் கணக்கின் நடுவே ஒரு பிட் சத்தமில்லாமல் புரண்டால், கிடைக்கும் விடை தவறு என்றே தெரியாது.

நெட்வொர்க்குக்குத் தனிக் கார்டு வாங்க வேண்டாம். இந்தப் பெட்டியின் உள்கார்டு பெரும்பாலும் இரு வகையில் வரும்: நான்கு 1 ஜிகாபிட் போர்ட், அல்லது இரண்டு 10 ஜிகாபிட், இரண்டு 1 ஜிகாபிட். இரண்டாவதைக் கேளுங்கள். 1 ஜிகாபிட்டில் என்எஃப்எஸ் பகிர்வு (எல்லா நோடும் பயன்படுத்தும் பொதுக் கோப்பகம்) வைத்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்பு எழுதும்போதே எல்லாருக்கும் எல்லாம் நின்றுபோகும்.

பெட்டி வந்ததும் மூடியைத் திறந்து பிராசஸர் மேல் இருக்க வேண்டிய கறுப்பு பிளாஸ்டிக் காற்றுக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் விற்கப்படும் பெட்டிகள் உண்டு. விசிறி முழு வேகத்தில் கத்தினாலும் பிராசஸர் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐடிராக் (சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் டெல் கருவி) பதிவில் பழைய மெமரிப் பிழைகள் இருக்கின்றனவா என்று படித்துவிட்டு, 24 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்த பிறகே பில்லுக்குக் கையெழுத்து. ஐடிராக்கின் பழைய கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். ரேக்கில் பொருத்த உதவும் ரயில் கிட் சேர்த்து வருகிறதா என்றும் கேளுங்கள். பெட்டியின் ஆழம் 70 செ.மீ.க்குப் பக்கம். கல்லூரிகளில் சுவரோரம் நிற்கும் 600 மி.மீ. நெட்வொர்க் ரேக்கில் இது நுழையாது. 1,000 மி.மீ. ரேக் வேண்டும்.

கரன்ட்டுக்கு வருவோம். முழுச் சுமையில் நோடுக்கு 350 வாட், மற்ற நோடுகளை நிர்வகிக்கும் ஹெட் நோடும் சுவிட்சும் 300 வாட் என்று வைத்தால் மொத்தம் 2.4 கிலோவாட். மாதம் முழுக்க ஓடினால் 1,728 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால்கூட 13,824 ரூபாய், ஏசி செலவு தனி. வெப்பத்தை இறக்க ஒரு 1.5 டன் ஏசி போதும், ஆனால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வீட்டு ஏசி 24 மணி நேர ஓட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல. மின்வெட்டுக்குப் பிறகு எல்லா நோடும் ஒன்றாக எழுந்தால், ஹெட் நோடு தயாராகும் முன்பே மற்றவை என்எஃப்எஸ் தேடித் தோற்றுப்போகும். பயாஸில் ஏசி பவர் ரெக்கவரி தாமதத்தை ஹெட் நோடுக்கு உடனடி என்றும் மற்றவற்றுக்கு நான்கு நிமிடம் என்றும் வையுங்கள். லாஜிக்கல் பிராசஸர் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி), நோடு இன்டர்லீவிங் (இரு பிராசஸரின் மெமரியையும் கலந்து பரப்பும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

நிதி விஷயத்தில் இந்தப் பெட்டிக்கு ஒரு பெரிய குறை. மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டப் பணத்தில் பழைய சரக்கு வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். கல்லூரியின் சொந்த சீட் மணி (ஆய்வுத் தொடக்க நிதி), முன்னாள் மாணவர் நன்கொடை ஆகியவற்றில் வாங்குவதே நிம்மதி. திட்டப் பணத்தில் புதிதாக வாங்கக்கூடிய சுவிட்ச், யூபிஎஸ், டிஸ்க் ஆகியவற்றை உபகரணத் தலைப்பில் எழுதுங்கள். கரன்ட் பில்லை உபகரணத்தில் காட்ட முடியாது. அதை ஓவர்ஹெட்டில் இருந்து கட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஆறு நோடு தேவை என்றால் ஏழாக வாங்குவது நல்லது. ஏழாவது பெட்டிதான் உங்கள் வாரன்ட்டி.

மென்பொருளுக்குக் காசில்லை. ராக்கி லினக்ஸ் 9, ஓப்பன்ஹெச்பிசி 3 (கிளஸ்டர் மென்பொருள் தொகுப்பு), ஸ்லர்ம் (வேலைகளை நோடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) போதும். புதிதாக நிறுவுபவர்களுக்கு நோடு 'டிரெய்ன்' நிலைக்குப் போய் வேலை வாங்காமல் நிற்கும். ஸ்லர்ம் அமைப்புக் கோப்பில் 128 ஜிபி என்று எழுதியிருப்பீர்கள், லினக்ஸ் காட்டுவதோ அதைவிடச் சற்றுக் குறைவு. நோடு தானே சொல்லும் அளவைவிட ஒரு ஜிபி குறைத்து எழுதினால் சரியாகிவிடும். நோடுகள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் முங்கே அனுமதி மறுத்தால் முதலில் நோடுகளின் கடிகாரத்தைப் பாருங்கள்.

குரோமாக்ஸ் மென்பொருளில் புரத மூலக்கூறு அசைவுகளை ஓட்டுவதுதான் துறையின் முக்கிய வேலை என்றால் ஆர்730 வேண்டாம். அதே பணத்தில் நல்ல ஜிபியு போட்ட ஒரு புது டெஸ்க்டாப் இந்த ஆறு பெட்டியின் கரன்ட் செலவையும் மிச்சப்படுத்தும். எம்பிஐ (பல கணினிகள் சேர்ந்து ஒரு கணக்கைச் செய்யும் நிரல்முறை) சொல்லிக்கொடுக்க மட்டும் என்றால் நான்கு ராஸ்பெரி பை போதும், ஆனால் அதில் ஆய்வுக் கணக்கை ஏற்ற நினைக்காதீர்கள். பெரிய மெமரி கேட்கும் மரபணு வேலை, குவான்டம் எஸ்பிரெஸ்ஸோ செய்யும் அடர்த்திச் சார்புக் கணக்கு, பாய்ம இயக்கவியல் ஆகிய மூன்றுக்கும் தயங்காமல் ஆர்730 எடுக்கலாம்.