ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெற்றோர் பராமரிப்பு மனு: அம்மாவோடு போய் வந்த அனுபவம்

2025 பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா போன் செய்தார். "உங்க அண்ணி சமையல்கட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போறா. ஒரு வாய் காப்பிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போறேன்டி." அம்மாவுக்கு வயது 71. பென்ஷன் கிடையாது. இருந்த ஒரே வீட்டையும் 2019இல் அண்ணன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டுப் பெற்றோர் கொடுக்கும் மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் கோட்டாட்சியர்தான், அதாவது ஆர்.டி.ஓ. எங்கள் கோட்டத்து ஆபீஸுக்குப் போனோம். வெள்ளைத் தாளில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆதார் நகல், பத்திர நகல், ரேஷன் கார்டு நகல். கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்து வாதாடவும் 17ஆம் பிரிவு இடம் தரவில்லை, அதனால் அண்ணனும் தனியாகத்தான் வந்தான். ஜெராக்ஸும் ஆட்டோவுமாக மொத்தம் 1,400 ரூபாய் செலவானது, அவ்வளவுதான்.

முதலில் சமூக நலத் துறை அதிகாரி ஒருவரிடம் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார்கள். அங்கே எதுவும் நகரவில்லை.

விசாரணையன்று நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மாவுக்காக நானே பேசத் தொடங்கினேன். கோட்டாட்சியர் கையமர்த்தி, "நீங்க சொல்லுங்கம்மா" என்று அம்மா பக்கம் திரும்பினார். பிறகு என்னையும் அண்ணனையும் வெளியே நிற்கச் சொல்லி, அம்மாவிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசினார். மகன் சொல்வதும் மகள் சொல்வதும் இல்லாமல் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாருமே கேட்கவில்லை, நான் உட்பட. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

உள்ளே கூப்பிட்டதும் அண்ணன், "தங்கச்சியும் பிள்ளைதானே சார், அவளையும் சேருங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒரு செங்கல்கூட எனக்கு வரவில்லையே! ஆனால் அவன் சொன்னதுதான் சட்டம். மகனோடு மகளும், வயது வந்த பேரன் பேத்திகளும் பொறுப்பாளிகள்தான். சொத்து வாங்கினால்தான் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அது நியாயம். அண்ணன் 4,000, நான் 2,500 என்று மாதம் 6,500 ரூபாய்க்கு உத்தரவானது. சட்டத்தில் அதிகபட்சம் மாதம் 10,000.

பத்திரத்தை ரத்து செய்யவும் வழி இருந்தது, 23ஆம் பிரிவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். அம்மாவின் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை, 'அன்பின் காரணமாக' என்றுதான் இருந்தது. எங்கள் மனு நடந்துகொண்டிருந்தபோதே, 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அந்த அன்பே சொல்லாத நிபந்தனைதான் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் எழுதிக் கொடுக்கப்போகும் பெற்றோர் அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே கேட்டு வாங்குங்கள். அம்மா ரத்து வேண்டாம் என்றுவிட்டார். "முன்ரூமும் ஒரு அடுப்பும் போதும்" என்றார். உத்தரவில் அதுவும் எழுதப்பட்டது.

இனி குறை. ஆபீஸ் மாடியில், லிஃப்ட் கிடையாது. முட்டி தேய்ந்தவர்கள் வரும் இடத்தை மாடியில் வைப்பது கொடுமை. பட்டா மாறுதலுக்கு வந்த கூட்டத்தோடு வராந்தா பெஞ்சில் காத்திருந்தபோது, "மகன் மேல மனு போட்ட அம்மா யாரு?" என்று ஊழியர் ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன? இரண்டு வாய்தா, அதிகாரி வேறு வேலையாகப் போனதால் தள்ளிப்போனது. நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். எங்களுக்கு மனு கொடுத்ததிலிருந்து உத்தரவு வர ஐந்து மாதம் ஆனது.

உத்தரவு வந்ததும் பணம் தானாக வந்துவிடாது. அண்ணன் இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டான், மூன்றாவது மாதம் இழுத்தான். தராமல் போனால் வசூலிக்க வாரண்ட் போடலாம், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நானாகச் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போகிறவர்கள் மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். "அப்படி மனுவே வரலையே" என்று எங்களிடம் ஒருமுறை சொன்னார்கள், அந்த நகலை எடுத்து நீட்டிய பிறகுதான் கட்டைத் தேடி எடுத்தார்கள்.