சாந்தோம் பேராலயம்: வெளியே நின்று திரும்பிவிடாதீர்கள்

சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் பேருந்தில் போய்வருகிற எல்லோருக்கும் அந்த வெள்ளைக் கோபுரத்தைத் தெரியும். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே கடற்கரைப் பக்கம் நடந்துவிடுகிறவர்கள், இந்த ஆலயத்தில் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானதை, பீடத்துக்கு (வழிபாடு நடத்தும் மேடைக்கு) மேலே உள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை, தவறவிட்டுவிடுகிறார்கள்.

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இருந்த இடத்தில், இன்று நாம் காணும் கோத்திக் பாணிக் (கூர்முனை வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் கொண்ட ஐரோப்பியப் பாணி) கட்டடம் 1896இல் எழுந்தது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையார் அடக்கம் செய்யப்பட்ட இடம் இதுவே என்பது மரபுவழி நம்பிக்கை. 1956இல் இவ்வாலயம் பசிலிக்கா என்னும், திருத்தந்தை வழங்கும் சிறப்புத் தகுதியைப் பெற்றது.

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமையார். அவர் எதிரே இயேசு வந்து நிற்கும் அந்தக் காட்சிதான் சாளரத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. தோமையாரின் வேதசாட்சி மரணத்தையே, அதாவது நம்பிக்கைக்காக அவர் உயிர்துறந்ததையே, நடுநாயகமாக வைத்திருக்கலாம். அதை விட்டு, அவர் ஐயப்பட்ட கதையை அவர் பெயரால் அமைந்த ஆலயத்திலேயே பீடத்துக்கு மேல் வைத்தவர்களின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

சற்று முன்னே சென்று உற்றுப் பாருங்கள். உருவங்களைச் சுற்றி ஓடும் கரிய கோடுகள் தூரிகையால் வரைந்தவை அல்ல. தனித்தனியாக வெட்டிய கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் அவை. இக்கலையில் நிறம் பெரும்பாலும் மேற்பூச்சாக இருப்பதில்லை. உருகிய கண்ணாடியில் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து வரவழைப்பதாகும். முகம், விரல்கள், ஆடை மடிப்பு போன்ற நுண்ணிய பகுதிகளை மட்டும் அதற்கென உள்ள மையால் தீட்டிச் சூளையில் சுட்டுப் பதியவைப்பார்கள்.

ஆகவே இங்கு வருவதற்கு நேரம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வெளிச்சம் ஊடுருவினால்தான் இக்கண்ணாடி உயிர் பெறும். பொழுது சாய்ந்து உள்ளே விளக்கேற்றிய பிறகு அதே சாளரம் மங்கிப் போய்விடும். வெயில் நன்றாக ஏறிய முற்பகலே என் பரிந்துரை. சென்னை வெயிலால் நன்மை உண்டு என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டும். சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் நிறங்கள் தெளியும்.

கல்லறைச் சிற்றாலயம் நிலத்தடியில் உள்ளது. அதற்குப் பின்பக்கத்தில் தனி வழி இருப்பதால், மேலே திருப்பலி (பூசை வழிபாடு) நடந்தாலும் யாருக்கும் இடையூறின்றி இறங்கிச் செல்லலாம். படுத்த கோலத்தில் தோமையாரின் உருவம் வைக்கப்பட்டுள்ள அந்தச் சிறிய கூடத்தில் சிலர் முழந்தாளிட்டு நெடுநேரம் மன்றாடுகிறார்கள். அங்கும் கைபேசியை உயர்த்திப் பிடிப்பவர்களைக் கண்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையும், தோமையார் திருவிழாவான சூலை 3ஆம் நாளும் வழிபடுவோருக்கு உரியவை. கண்ணாடிகளை நிதானமாகக் காண விரும்புகிறவர்கள் வார நாளில் செல்வதே நல்லது. வண்டி நிறுத்த அந்தச் சாலையில் அலைய வேண்டியிருக்கும் என்பதால் பேருந்தோ ஆட்டோவோ உத்தமம்.